பிக்கப் கதவுக்குள் பாட்டு எங்கே போகிறது?

1925ல் அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நடந்தன. அப்போது இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதலாவது, ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரின் பின்பக்கத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு இரும்புத் தொட்டியைப் பொருத்தி விற்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் விவசாயிகளும் தச்சர்களும் காரை வாங்கி, பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, தாங்களே பலகை அடித்துச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியே செய்து கொடுத்த வண்டியின் விலை 281 டாலர். அமெரிக்கப் பிக்கப்பின் வம்சாவளியைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

இரண்டாவது, ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஊதுகுழல் மாதிரி நீளமான கொம்பு இல்லாமல், வெறும் ஒரு காகிதக் கூம்பும் காந்தத்துக்கு நடுவில் ஆடும் ஒரு கம்பிச்சுருளும் வைத்தே நல்ல ஒலியைக் கொண்டுவரலாம் என்று அதில் காட்டினார்கள். சுருள் ஆடும் யோசனை அதற்கும் பழசு. ஆலிவர் லாட்ஜ் 1898லேயே அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் அதை எப்படிச் செய்தால் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் சமமாக வரும் என்று கணக்குப் போட்டு நிறுவியவர்கள் ரைஸும் கெல்லாக்கும்தான். இன்றைக்கு உங்கள் டிவியிலும் கோயில் திருவிழாப் பெட்டியிலும் வண்டிக் கதவிலும் இருக்கிற ஸ்பீக்கர் அடிப்படையில் அதே சாதனம். அடுத்த வருஷம் ஆர்சிஏ கம்பெனி அதைப் பெட்டியோடு விற்றபோது விலை சுமார் 250 டாலர். கிட்டத்தட்ட ஒரு பிக்கப்பின் விலை!

பிக்கப் வண்டியில் பாட்டு ஏன் எப்போதும் சப்பென்று இருக்கிறது என்று தேட ஆரம்பித்த எனக்கு, இந்த இரண்டும் ஒரே வருஷம் என்பது கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது. ஏனென்றால் பிக்கப் கதவின் வியாதி என்ன என்பது அந்த 1925 கட்டுரையிலேயே இருக்கிறது. வண்டி செய்தவர்கள்தான் அதைப் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை.

வியாதி இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. நடுவில் தடுப்பு எதுவும் இல்லையென்றால், முன்னால் தள்ளப்பட்ட காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். கூம்பு ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஒலி மட்டும் பிறக்காது. ஓட்டைத் தகரத்தால் தண்ணீர் அள்ளுவது போல. உயர்ந்த சுருதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் அலை சின்னது, சுற்றிப் போவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். தாழ்ந்த ஒலிக்குத்தான் ஆபத்து. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 7 மீட்டர். ஆகவே ரைஸும் கெல்லாக்கும் கூம்பைச் சுற்றி ஒரு தடுப்புப் பலகை வேண்டும் என்றார்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சந்திக்கவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது ஒரு பிக்கப்பின் கதவை நினைத்துப் பாருங்கள். வெளியே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. உள்ளே இன்னொரு தகடு, அதில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியை மாட்டவும் பூட்டைப் பழுதுபார்க்கவும் கை நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் நாம் கை வைக்கிற பலகை. அந்த உள்தகட்டில் ஸ்பீக்கரை முடுக்கினால் தடுப்புப் பலகையே ஓட்டை. கூம்புக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிற ஓட்டை வழியாகப் பின்பக்கக் காற்று வண்டிக்குள்ளேயே வந்துவிடும். தவில் சத்தமும் கிடாரின் அடிநாதமும் அங்கேயே ஒன்றையொன்று தின்றுவிடும்.

பின்னே ஏன் கதவில் கொண்டுபோய் வைத்தார்கள்? இதற்குக் கொஞ்சம் பழங்கதை பார்க்க வேண்டும்.

வண்டியில் ரேடியோ என்பதை வியாபாரமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் சிகாகோவின் பால் கால்வின். 1930ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்குத் தன் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு போனார். மாநாட்டுக்குள் கடை போட வசதியில்லை. வெளியே வண்டியை நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார் என்பது பிரபலமான கதை. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா, பிற்பாடு கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு விலை நூறு டாலருக்கு மேல். பிக்கப் ஓட்டுகிறவருக்கு எட்டாத சமாசாரம்.

அடுத்த முப்பது வருஷத்துக்கு அமெரிக்கக் கார்களில் பொதுவான ஏற்பாடு, முன்பலகையின் நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர். முன்கண்ணாடியைப் பார்த்துப் பாடும். செய்தி கேட்கவும் பேஸ்பால் வர்ணனை கேட்கவும் அது தாராளமாகப் போதும். அப்புறம் கார்களில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் இரண்டாவது ஸ்பீக்கர் வந்தது. இங்கேதான் கார்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அந்தத் தட்டுக்குக் கீழே இருப்பது டிக்கி. ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்றெல்லாம் அந்தப் பெரிய டிக்கிக்குள் அடைபடும். முன்பக்கம் மட்டும் வண்டிக்குள் வரும். யாரும் பெரிதாகத் திட்டமிடாமலே ரைஸ், கெல்லாக் சொன்ன தடுப்பு அமைந்துபோனது. 6க்கு 9 அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் இன்றுவரை செல்வாக்காக இருப்பதற்கு அந்தத் தட்டுதான் காரணம்.

பிக்கப்புக்குத் தட்டும் இல்லை, டிக்கியும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது, ஆனால் அங்கே இருந்தது பெட்ரோல் டாங்க். இதைப் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 1972 வரைக்கும் வந்த செவ்ரோலே பிக்கப்புகளில் டாங்க் வண்டிக்குள்ளேயே, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான். ஃபோர்டிலும் அப்படித்தான் இருந்தது. வளைவில் திரும்பினால் பெட்ரோல் குலுங்குகிற சத்தம் கேட்கும். 1973ல் செவ்ரோலே டாங்கை வெளியே, வண்டிச் சட்டத்தின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனது. அந்த இடமும் பின்னால் பெரிய வழக்குகளுக்குக் காரணமானது, அது தனிக் கதை.

இதற்கிடையில் 1961ல் அமெரிக்க அரசு எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தது. 1965 கடைசியில் ஃபோர்டு தன் கார்களில் எட்டுத் தடக் கேஸட்டை விருப்பச் சேர்க்கையாகக் கொடுத்தது. ஸ்டீரியோ என்றால் இடம் ஒன்று, வலம் ஒன்று வேண்டும். முன்பலகை நடுவில் இருந்த ஒற்றை ஸ்பீக்கர் செல்லாது. பிக்கப்பில் இடமும் வலமும் சமமாக இருக்கிற காலியிடம் எது? இரண்டு கதவுகள். கதவை யாரும் நல்ல இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற இடமெல்லாம் போய்விட்டது, அது மிச்சம் இருந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். பிக்கப்புக்கு இன்னொரு பிறந்த வீடு உண்டு, ஆஸ்திரேலியா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றியைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுத, லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்ததுதான் 1934ல் வந்த 'யூட்'. அந்தம்மா கேட்டதைப் பாருங்கள். வேலை வண்டியில் உட்காருகிறவரும் மனுஷர்தான் என்பதுதான் அதில் இருக்கிறது. அமெரிக்கப் பிக்கப் அந்த யோசனைக்கு வர ரொம்ப நாள் ஆனது. ஹீட்டரும் ரேடியோவும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்களாகவே பல காலம் இருந்தன.

இதே ஆஸ்திரேலியாவில்தான் 1961ல் நெவில் தீல் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பீக்கரின் சில அளவுகளைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெட்டியில் வைத்தால் எப்படிப் பாடும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம் என்றார். உள்ளூர்ச் சஞ்சிகையில் வந்ததால் உலகம் பத்து வருஷம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971ல் அமெரிக்க ஆடியோ பொறியியல் சஞ்சிகை அதை மறுபதிப்புச் செய்தது. தொடர்ந்து சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்று ஸ்பீக்கர் அட்டையில் அச்சிட்டிருக்கும் 'தீல்-ஸ்மால் அளவுகள்' இவர்கள் பெயரில்தான்.

கதவு வேலைக்கு இதில் முக்கியமான எண் ஒன்று, க்யூடிஎஸ். ஸ்பீக்கர் தன் ஆட்டத்தைத் தானே எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதன் அளவு. 0.3, 0.4 மாதிரி சின்ன எண் உள்ள ஸ்பீக்கர், அளவெடுத்த பெட்டிக்காகச் செய்யப்பட்டது. கதவோ ஒழுகுகிற பெரிய பெட்டி. அதற்கு 0.6, 0.7 பக்கம் இருக்கிற ஸ்பீக்கர்தான் பொருந்தும். அதிக விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் கதவில் பழசைவிட மெலிசாகப் பாடுகிறதே என்று தலையில் கைவைக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. பெரிய காந்தம் இருந்தால் நல்ல ஸ்பீக்கர் என்று நம்மில் ஒரு நம்பிக்கை இருக்கிறது இல்லையா, கதவைப் பொறுத்தவரை அது பல சமயம் தலைகீழ்.

கதவின் அடுத்த பிரச்சினை தண்ணீர். மழை பெய்தால் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். இறங்கத்தான் வேண்டும், அப்படித்தான் கதவு செய்யப்பட்டிருக்கிறது. அடியில் வடிகால் துளைகள் இருக்கும், அதன் வழியே போய்விடும். உள்தகட்டில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள் இந்த ஈரம் நம் பக்கம் வராமல் இருப்பதற்காக. கண்ணாடிப் பொறியைப் பழுதுபார்த்த மெக்கானிக் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார், பத்தில் ஏழு பழைய வண்டியில் அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்த ஈரத்தில் காகிதக் கூம்பு நாளடைவில் ஊறிப் பிய்ந்துவிடும். இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டட்லி ஹார்வுட் 1970களில் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் கூம்பு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அவர் தேடியது ஒலிபரப்பு நிலையத்துக்கு ஒரே மாதிரி பாடுகிற ஸ்பீக்கர். அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சாது என்பது கதவு ஸ்பீக்கர்காரர்களுக்குக் கிடைத்த உபரி லாபம்.

ஆழமும் பிரச்சினைதான். கண்ணாடி இறங்கினால் ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக் கூடாது. இரண்டு, இரண்டரை அங்குலம்தான் கிடைக்கும். 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் வந்ததும் சின்னக் காந்தத்தில் பெரிய சக்தி சாத்தியமானது. அதைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று ஜப்பானின் சுமிடோமோ, இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸ். கார் கம்பெனிக்கு அது வேண்டியிருந்தது ஸ்டார்ட்டர் மோட்டாருக்காக!

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொன்றும் செய்தது. அமர் போஸின் கம்பெனியோடு சேர்ந்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிப் பெட்டி, தனி ஆம்ப், அந்தந்தக் காரின் உட்புறத்துக்கு ஏற்ற சமன்செய்தல் என்று ஒரு முழு ஏற்பாட்டை 1983 மாடல்களில் கொண்டுவந்தது. (அமர் போஸ் வங்கத்திலிருந்து தப்பி அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன்.) கதவில் வைத்தாலும் பெட்டி கட்டி வை என்பதை ஒரு கார் கம்பெனி முதல்முறை முழுசாக ஏற்றுக்கொண்டதாக எனக்கு இது படுகிறது. எந்த வண்டிகளில் வந்தது? கேடிலாக் செவில், எல்டராடோ, ப்யூயிக் ரிவியெரா, ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ. எல்லாம் சொகுசுக் கார்கள். பிக்கப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறவருக்கு ஓட்டைக் கதவுதான்.

நான் இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் பாட்டு ரசனை மட்டும் இல்லை. காது. பிக்கப்பின் டயர் சத்தம், சட்டத்தின் அதிர்வு, காற்று எல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள். அவை பாட்டின் தாழ்ந்த ஒலியை மூடிவிடும். ஏற்கெனவே கதவு அதைப் பாதி தின்றாயிற்று. ஓட்டுகிறவர் என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் கூடுவது தாழ்ந்த ஒலி இல்லை, காதைக் குடைகிற நடு ஒலியும் உச்ச ஒலியும்தான். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 89க்குப் போனால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். சரக்கு ஓட்டுகிறவருக்கு அது ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

ஆகவே கடைக்காரர் முதலில் சொல்கிற வழி, 'பெரிய ஆம்ப் போடுங்க சார்' என்பது, பல சமயம் வியாதியை வளர்க்கிற மருந்து. அந்த வாட் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். ரேடியோ மூஞ்சியில் '50 வாட் x 4' என்று எழுதியிருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8. அதாவது, முழு பாட்டரியையும் நேரே ஸ்பீக்கரில் மாட்டி, இசையே இல்லாமல் சதுர அலையாகத் தள்ளினால் வருகிற எண். ஒழுங்கான அலைக்கு அதில் பாதி, 26. சிப்புக்குள் ஆகிற இழப்பையும் கழித்தால் 20 வாட் பக்கம் நிற்கும். இந்தக் கூத்தைக் கண்டுதான் 2003ல் அமெரிக்க மின்னணுப் பொருள் சங்கம் சிஇஏ-2006 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள் என்று நிபந்தனை போட்டு அளக்கச் சொன்னது. அதைவிட முக்கியம், 20 வாட்டை 40 ஆக்கினால் ஏறுவது வெறும் 3 டெசிபல். ஓட்டையை அடைத்தாலே தாழ்ந்த ஒலியில் அதைவிட அதிகம் கிடைக்கும்.

அடைக்கிற விதம். நண்பர் ஒருவரின் பழைய பிக்கப்பில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் கதவுப் பலகையைக் கழற்றாமலே 50லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை ஏறுகிற ஒரு ஒலியைப் போனிலிருந்து ஓடவிட்டோம். எங்கே கிடுகிடுக்கிறதோ அங்கே உள்ளங்கையால் அழுத்தினால் சத்தம் நிற்கும். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி. பலகையைக் கழற்றியதும் வெளித்தகட்டை விரலால் தட்டினால் டங்கென்று கேட்டது. அதன் நடுவில் அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூடில் ரப்பர் துண்டுகளை ஒட்டி ரோலரால் அழுத்தினோம். டொக் என்று ஆகிவிட்டது. இதுவும் கார்க்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. தகடு வளையும்போது ரப்பர் அடுக்கு சறுக்கி, ஆட்டத்தை வெப்பமாக்கிவிடும், மேலே ஒரு கெட்டித் தாள் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று 1959ல் எட்வர்ட் கெர்வின் கணக்கோடு எழுதியிருக்கிறார். தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. நடுவில் கால் பங்கு பரப்பு போதும், மீதி எல்லாம் எடையும் செலவும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கூரைக்கு ஒட்டுகிற தார்த்தாளை ஒட்டாதீர்கள். வெயிலில் இளகி வழியும், நாற்றம் போகாது.

பிறகு உள்தகட்டின் பெரிய ஓட்டைகள். அலுமினியத் தகட்டை வெட்டி, திருகு போட்டு, மேலே அதே ரப்பரை ஒட்டி மூடினோம். திருகு போட்டதற்குக் காரணம், நாளைக்குக் கண்ணாடிப் பொறி கெட்டால் கழற்ற முடிய வேண்டும். ஸ்பீக்கருக்குக் கீழே பிளாஸ்டிக் வளையம், ஸ்பீக்கருக்கும் கதவுப் பலகையின் துளைக்கும் நடுவில் நுரை வளையம். இல்லாவிட்டால் பாதி ஒலி பலகைக்குப் பின்னாலேயே சுற்றும். அடியில் இருக்கிற வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடித்து உதிரும். அந்தத் துளை வழியே போகிற காற்று வெளியேதான் போகிறது, உள்ளே வந்து ஒலியைக் கெடுப்பதில்லை.

இத்தனைக்கும் நாங்கள் ஸ்பீக்கரை மாற்றவில்லை. அதே பழைய ஸ்பீக்கர். மிருதங்கத்தின் தொப்பி அந்த வண்டியில் முதல்முறையாகக் கேட்டது.

பிக்கப்புக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு அறையின் நீளமான பக்கத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகிவிட்டால், அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் அலையாக ஓடாமல் அறை முழுக்க ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். அறை எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் இந்த ஆதாயம் தொடங்கும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள காருக்குள் அது ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸில் தொடங்கும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒற்றை வரிசைப் பிக்கப்பில் 115லேயே தொடங்கிவிடும். சின்ன வண்டிக்குச் சும்மா கிடைக்கிற பேஸ். ஆனால் கதவின் ஓட்டை திறந்திருந்தால் இந்த அழுத்தம் உருவாகவே உருவாகாது. முன்னால் தள்ளியதைப் பின்னால் அதே அறைக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கடைசியாக மிஞ்சுவது தூரக் கணக்கு. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற அமெரிக்க வண்டியில் இடது ஸ்பீக்கரைவிட வலது ஸ்பீக்கர் காதிலிருந்து 60 சென்டிமீட்டர் அதிக தூரம் என்று வையுங்கள். அந்த ஒலி ஒன்றே முக்கால் மில்லி விநாடி தாமதமாக வரும். 285 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் எதிர்க்கட்டத்தில் மோதிக்கொள்ளும். ஆண் குரலின் கனம் இருக்கிற இடம் அது. இன்றைய ரேடியோக்களில் 'டைம் டிலே' என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் இடது பக்கத்தை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால் பாடகர் கதவிலிருந்து எழுந்து முன்பலகைக்கு நடுவே வந்து நிற்பார். கூடவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் வடிகட்டியும் வைத்துவிட்டால், ஆறரை அங்குல ஸ்பீக்கர் முடியாத சுமையைத் தூக்கிச் சிரமப்படாது. அதற்கும் கீழே வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டியதுதான்.

நீங்களும் கதவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி உடையும். முன்கூட்டியே பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.